பேச்சைக் கேட்க: கையில் கட்டும் பட்டையா, காதுக்குள் வைக்கும் கருவியா?

"ஆபரேஷனே வேண்டாமாம், கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டால் காது கேளாதவருக்குப் பேச்சு புரியுமாமே, உண்மையா?" இந்தக் கேள்வி விதவிதமான வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. குழந்தைக்கு பெரா டெஸ்ட் (ஒலிக்குக் கேட்பு நரம்பும் மூளைத்தண்டும் தரும் எதிர்வினையை அளக்கும் சோதனை) எடுத்து, காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பதித்து, கேட்பு நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி) என்ற பேச்சைக் கேட்டு மிரண்டுபோன பெற்றோர் ஒரு பக்கம். அறுபது வயதுக்கு மேல் கேட்கும் திறன் போய்விட்ட அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வழி தேடும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் பார்த்துவிட்டு வருவது ஒரே காணொலியாக இருக்கலாம். ஆனால் இருவருக்கும் ஒரே பதில் கிடையாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்பு நரம்பு நன்றாக இருக்கும், இன்னும் பேச்சு வராத சின்னக் குழந்தைக்கு, ஒலியைத் தோலில் அதிர்வாகத் தரும் தொடு உணர்வுக் கருவி (அந்தப் பட்டை இந்த வகைதான்) இம்ப்ளான்ட்டுக்கு மாற்று ஆகாது. மற்ற சில நிலைமைகளில் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. அந்த நிலைமைகள் எவை என்பதுதான் விஷயம்.

## எதை வைத்து அளப்பது?

பழுது எங்கே இருக்கிறது? ஒலி செவிப்பறையில் பட்டு, மூன்று சின்ன எலும்புகள் வழியாக நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குப் போகிறது. அங்கே சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள் அதிர்வை மின்குறிப்பாக மாற்றுகின்றன. சுமார் 30,000 இழைகள் கொண்ட நரம்பு அதை மூளைத்தண்டுக்கு எடுத்துச் செல்கிறது. ஒவ்வொரு கருவியும் இந்தப் பாதையில் ஏதோ ஓர் இடத்தைத் தாண்டிக் குதிக்கிறது. அது குதித்துப் போய் இறங்குகிற இடம் உயிரோடு இருக்க வேண்டும். மயிர்ச்செல் செத்திருந்தாலும் நரம்பு இருந்தால் காக்ளியர் இம்ப்ளான்ட் வேலை செய்யும். நரம்பே இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த இம்ப்ளான்ட்டும் பயன் தராது. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன் சிடி ஸ்கேனும் எம்ஆர்ஐயும் எடுக்கிறார்கள்.

மொழி ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா? நாற்பது வருடம் தமிழ் கேட்டுப் பேசியவருக்கு அரைகுறைக் குறிப்பு கிடைத்தாலும் மூளை மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு நிரப்ப எதுவும் இல்லை. அதற்கு முழுமையான ஒலி வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். மூளையின் கேட்பு எதிர்வினைகளை அளந்த அமெரிக்க ஆய்வாளர் அனு சர்மாவின் ஆய்வுகள், மூன்றரை வயதுக்குள் இம்ப்ளான்ட் வைத்த குழந்தைகளிடம் அந்த எதிர்வினை சகஜ நிலைக்கு வருவதையும், ஏழு வயதுக்கு மேல் வைத்தவர்களிடம் பெரும்பாலும் வராததையும் காட்டின. இந்தக் கட்டுரையில் ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்வதானால் அந்த மூன்றரையை வைத்துக்கொள்ளுங்கள்.

உதட்டைப் பார்க்காமல் புரிய வேண்டுமா? போனில் பேச, இருட்டில் பேச, பின்னாலிருந்து ஆசிரியர் சொல்வதைக் கேட்க வேண்டுமா? அல்லது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசும்போது கொஞ்சம் துணை கிடைத்தால் போதுமா?

பத்து வருடக் கணக்கு. வாங்கும் விலை ஒரு கணக்கு. வைத்துக் காப்பாற்றும் விலை வேறு கணக்கு.

பிடிக்கவில்லையென்றால் திரும்ப முடியுமா? பட்டையைக் கழற்றி அலமாரியில் வைக்கலாம். இம்ப்ளான்ட்டை அப்படி வைக்க முடியாது.

## காது மெஷின்: இதைத் தாண்டாமல் அடுத்ததுக்குப் போக வேண்டாம்

காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் ஒலியைப் பெரிதாக்கித் தருகிறது, அவ்வளவுதான். மிச்சமிருக்கும் மயிர்ச்செல்களை நம்பித்தான் அது இருக்கிறது. ஓரளவு முதல் கடுமையான இழப்பு வரை இதுவே போதும் என்ற நிலை பலருக்கு உண்டு. மிகக் கடுமையான இழப்பில் ஒலி பெரிதாகக் கேட்டாலும் சொல் பிரியாது. "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு தெரியல" என்பார்கள்.

இம்ப்ளான்ட் வைக்கும் குழுக்கள் வழக்கமாக முதலில் சில மாதங்கள் நல்ல மெஷினை மாட்டி, தெரபி கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். நாளைக் கடத்தும் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். குழந்தைக்குக் காதில் ஒன்றை மாட்டிக்கொள்ளப் பழக்கமாகிறது. மெஷினே போதுமா என்பதும் தெரிந்துவிடுகிறது. இதில் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு: மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறன் போனவர்கள். அவர்களுக்குக் காக்ளியாவின் உள்ளே எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளலாம். அடைத்துவிட்டால் இம்ப்ளான்ட்டின் எலக்ட்ரோடை (நரம்பைத் தூண்டும் மின்முனை) உள்ளே செலுத்துவதே கஷ்டம். அங்கே மாதக்கணக்கில் மெஷினைச் சோதித்துக்கொண்டிருக்கக் கூடாது. வாரக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும்.

எலும்பு வழிக் கருவிகளையும் சிலர் "அதிர்வுக் கருவி" என்று தொடு உணர்வுக் கருவியோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது வேறு. ஸ்வீடனின் கோதன்பர்க்கில் 1977-ல் தொடங்கிய அந்த வகை, மண்டையோட்டை அதிரச் செய்து நல்ல நிலையில் இருக்கும் காக்ளியாவுக்கே ஒலியை அனுப்புகிறது. காதுத் துளை உருவாகாமல் பிறந்த குழந்தைகளுக்கு அருமையான வழி. காக்ளியா கெட்டுப்போனவருக்கு உதவாது.

## தொடு உணர்வுக் கருவிகள்

தோல் வழியாகப் பேச்சைப் புரிந்துகொள்வது கட்டுக்கதை இல்லை. டடோமா என்றொரு முறை உண்டு. காதும் கண்ணும் இல்லாதவர், பேசுபவரின் முகத்தில் கையை வைத்துக்கொள்வார்: கட்டைவிரல் உதட்டில், மற்ற விரல்கள் கன்னத்திலும் தொண்டையிலும். அமெரிக்க ஆசிரியை சோஃபியா ஆல்கார்ன் தன் இரண்டு மாணவர்களான டாட், ஓமா ஆகியோரின் பெயர்களைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார். 1980-களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சார்லட் ரீடின் குழு சோதித்தபோது, நன்றாகப் பழகியவர்கள் சாதாரண உரையாடலில் பெரும்பகுதியைக் கை வழியாகவே புரிந்துகொண்டார்கள்.

அப்படியானால் அதை ஒரு கருவி செய்தால் என்ன? நூறு வருடமாகச் செய்து பார்க்கிறார்கள். 1920-களில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கால்ட் நீளமான குழாய் வழியே உள்ளங்கையில் பேசிப் பார்த்தார். பிறகு மின் கருவிக்குப் போனார். 1949, 50 வாக்கில் எம்ஐடியில் நார்பர்ட் வீனரும் கூட்டாளிகளும் ஒலியைச் சுருதி வாரியாக ஐந்து பகுதிகளாகப் பிரித்து ஐந்து விரல்களுக்கு ஒவ்வொன்றாக அனுப்பும் கையுறையை முயன்றார்கள். 1980-களில் கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒருவர் நீண்ட பயிற்சிக்குப் பிறகு தொடுதலால் மட்டும் 250 சொற்களைக் கற்றுக்கொண்டார். ஏழு அதிர்விகள் கொண்ட டாக்டெய்ட் 7 அமெரிக்காவில் கடைக்கே வந்தது. மெல்பர்னில் இம்ப்ளான்ட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கிரேம் கிளார்க்கின் குழுவே, விரல்களின் பக்கவாட்டில் மென்மையான மின்தூண்டல் தரும் 'டிக்கிள் டாக்கர்' என்ற கருவியையும் செய்தது. இரண்டையும் செய்து பார்த்த கூடம் எதைத் தொடர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

அண்மைக் காலத்தில் இந்த விஷயத்தை மறுபடி பேச வைத்தவர் நரம்பியலாளர் டேவிட் ஈகிள்மன். 2015-ல் ஒரு டெட் மேடையில் அதிரும் உள்சட்டையை அணிந்து காட்டினார். அவருடைய நியோசென்சரி நிறுவனம் பின்னர் நான்கு மோட்டார்கள் கொண்ட மணிக்கட்டுப் பட்டையைக் கொண்டுவந்தது. எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான்.

தடை கருவியில் இல்லை, தோலில் இருக்கிறது. அதிர்வை உணரும் நம் தோலின் கூர்மை வினாடிக்கு 250 அதிர்வுகளை ஒட்டி உச்சத்தில் இருக்கிறது. ஆயிரத்துக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. பேச்சில் 'ச', 'ஸ' போன்ற உரசொலிகளின் வலு நாலாயிரத்துக்கும் மேலே இருக்கிறது. கருவி அதைக் கீழே இறக்கி, வேறோர் இடத்தில் அதிர்வாக்கித் தர வேண்டும். விரல் நுனியில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகளைப் பிரித்தறியலாம். முதுகில் அதற்கு நாலு சென்டிமீட்டர் வரை தேவை. மணிக்கட்டு இரண்டுக்கும் நடுவில். ஆக, எத்தனை மோட்டார் வைத்தாலும் தோல் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு எல்லை உண்டு.

தமிழில் இது எப்படி இருக்கும் என்று பார்த்தால் தெளிவாகிவிடும். தோல் நேரத்தையும் வலுவையும் நன்றாக அளக்கும். அதனால் குறில், நெடில் தெரியும்: 'கல்', 'கால்'. ஒற்று இரட்டித்தால் நடுவே வரும் மௌனம் நீள்வது தெரியும்: 'படம்', 'பட்டம்'. உதட்டில் 'பாலை'யும் 'மாலை'யும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் 'ம' தொடங்கும்போதே குரல் அதிர்கிறது, 'ப' அப்படி இல்லை. பட்டை அந்த வித்தியாசத்தைக் காட்டிக் கொடுக்கும். உதடு பார்ப்பவருக்கு இது உண்மையான உதவி. இனி 'வலி', 'வளி', 'வழி' மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் ஒன்று, தாளம் ஒன்று, உதட்டசைவும் ஒன்று. நாக்கு எங்கே தொடுகிறது என்பதில்தான் வேறுபாடு. அதைத் தோலுக்குச் சொல்வதுதான் மிகக் கடினம். (காது நன்றாகக் கேட்கிற நம்மில் பலருக்கே அது தகராறு என்பது வேறு கதை.)

பழைய ஒப்பீடு ஒன்று இந்த முடிவுக்கு மிகவும் முக்கியம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள சென்ட்ரல் இன்ஸ்டிட்யூட் ஃபார் தி டெஃப் பள்ளியில் ஆன் கியர்ஸும் ஜீன் மூகும் மூன்று வருடம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு குழுவுக்குக் காது மெஷின், ஒன்றுக்கு டாக்டெய்ட், ஒன்றுக்கு இம்ப்ளான்ட். மூன்றுக்கும் ஒரே மாதிரித் தீவிரப் பயிற்சி. 1994-ல் வெளியான முடிவில் இம்ப்ளான்ட் குழுதான் பேச்சை உணர்வதில் தெளிவாக முன்னால் நின்றது. அன்றைய இம்ப்ளான்ட் இன்றையதைவிடப் பின்தங்கியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்டெய்ட் இப்போது சந்தையில் இல்லை.

அப்புறம், விற்பனைத் தளங்களில் 'காது கேளாதோருக்கான அதிரும் பட்டை' என்று வருவதில் பெரும்பாலானவை பேச்சுக்கானவையே அல்ல. அலாரம், அழைப்பு மணி, குழந்தை அழுகை இவற்றைத் தெரிவிப்பவை. பயனுள்ளவைதான். ஆனால் 2020-லிருந்து ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலுமே சுற்றுப்புற ஒலியை அடையாளம் கண்டு அறிவிக்கும் வசதி இருக்கிறது. கையில் இருக்கும் போனில் அதை முதலில் முயன்று பார்த்துவிட்டுப் பணம் செலவழியுங்கள்.

## காக்ளியர் இம்ப்ளான்ட்

பாரிஸில் 1957-ல் ஜூர்னோவும் எய்ரியேயும் முதன்முதலில் கேட்பு நரம்பைப் பதித்த கம்பிச்சுருளால் தூண்டினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் காது மருத்துவர் வில்லியம் ஹவுஸ் ஒற்றைத் தடக் கருவியை, அதாவது ஒரே எலக்ட்ரோடு வழியாகத் தூண்டும் கருவியைச் செய்தார். 1984-ல் மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ பெரியவர்களுக்கு அதை அனுமதித்தது. ஒற்றைத் தடம் தந்தது தாளமும் வலுவும்தான். கிட்டத்தட்ட ஒரு தொடு கருவி தரும் அளவு. உண்மையான திருப்பம், வியன்னாவில் ஹோக்மையர் தம்பதியும் மெல்பர்னில் கிளார்க்கும் 1977, 78-ல் வைத்த பல தடக் கருவிகள்.

ஏன் பல தடம்? காக்ளியா ஒரு ஹார்மோனியக் கட்டை வரிசை போல அடுக்கப்பட்டிருக்கிறது: வாயிலருகே மேல் சுருதி, உள்ளே போகப் போகக் கீழ் சுருதி. எலக்ட்ரோடு எந்த இடத்தில் தூண்டுகிறதோ அந்தச் சுருதியாக மூளை எடுத்துக்கொள்ளும். இடத்துக்கும் சுருதிக்குமான அந்த வரிசை ஏற்கெனவே அமைந்து கிடக்கிறது, கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மணிக்கட்டில் அப்படி ஒரு வரிசை கிடையாது. தொடு கருவிக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் வேர் இதுதான் என்பேன்.

இன்று சந்தையில் உள்ள மூன்று பெரிய நிறுவனங்களில் மெட்-எல் 12, அட்வான்ஸ்டு பயானிக்ஸ் 16, காக்ளியர் 22 எலக்ட்ரோடுகள் வைக்கின்றன. எண்ணிக்கை கூடினால் தெளிவும் அதே அளவு கூடும் என்று நினைக்க வேண்டாம். மின்சாரம் உள்ளிருக்கும் திரவத்தில் பரவிவிடுவதால், பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. 'அதில் 22 இருக்கிறது, இதில் 12தான்' என்று விற்பனைப் பிரதிநிதி தொடங்கினால், பேச்சை 'உங்கள் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது' என்பதற்குத் திருப்பிவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்த அன்று எதுவும் கேட்காது. காயம் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பிறகு வெளிக் கருவியை மாட்டி 'ஸ்விட்ச் ஆன்' செய்வார்கள். முதல் நாள் காணொலிகளில் குழந்தை சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலறி அழுகிற குழந்தைகளும் நிறைய. அந்தக் காணொலிகளை யாரும் பகிர்வதில்லை. அதன் பிறகு மேப்பிங்: ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் எவ்வளவு மின்சாரம் என்று ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) மெல்ல மெல்லச் சரிசெய்வார். முதல் வருடம் பல முறை, பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறை. கூடவே கேட்டுப் பேசும் தெரபி, வாரந்தோறும், வருடக்கணக்கில். அதைவிட முக்கியம் வீட்டில் நாள் முழுக்க நடக்கும் பேச்சு. தெரபிஸ்ட் வாரத்தில் ஒரு மணி நேரம்தான். மீதி நேரம் சமையலறையில் அம்மாவும், திண்ணையில் பாட்டியும்தான் தெரபிஸ்ட்.

சரியான வயதில் வைத்து, தெரபி விடாமல் நடந்தால், அமைதியான அறையில் உதட்டைப் பார்க்காமல் பேச்சு புரிவது பெரும்பாலோருக்குக் கைகூடுகிறது. போன் பேசுகிறார்கள், சாதாரணப் பள்ளிக்குப் போகிறார்கள். பலவீனம் இரண்டு இடங்களில்: இரைச்சல், இசை. கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சு கலங்கிவிடும். மிருதங்கத்தின் நடை பிடிபடும். ராகத்தின் கமகம் பிடிபடுவது மிகக் கடினம். சீன மொழியில் சுருதி மாறினால் சொல்லே மாறிவிடும் என்பதால் அங்கே இந்தக் குறை பேச்சையும் தாக்குகிறது. தமிழுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அபாயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மயக்க மருந்துடன் கூடிய ஆபரேஷன். முகநரம்பு மிக அருகில் ஓடுகிறது. சிலருக்குச் சில காலம் தலைசுற்றல், நாக்கில் சுவை மாற்றம். மூளைக்காய்ச்சல் அபாயம் சற்றே கூடுவதால் நிமோகாக்கல் தடுப்பூசி கட்டாயம். அந்தக் காதில் மிச்சமிருந்த இயற்கைக் கேட்பு போய்விடக்கூடும். அதனால்தான் 'போட்டுப் பார்ப்போம், பிடிக்கலைன்னா எடுத்துடலாம்' என்ற எண்ணத்தோடு இதற்குள் போகக் கூடாது.

## நரம்பே இல்லையென்றால்: மூளைத்தண்டு இம்ப்ளான்ட்

காக்ளியாவையும் நரம்பையும் தாண்டி, எலக்ட்ரோடுகளை மூளைத்தண்டிலேயே வைத்துத் தூண்டுவது, 1979-ல் வில்லியம் ஹவுஸும் வில்லியம் ஹிட்செல்பெர்கரும் தொடங்கிய வழி இது. இரண்டு கேட்பு நரம்புகளிலும் கட்டி வரும் என்எஃப்2 நோயாளிகளுக்காக வந்தது. பிறகு இத்தாலியின் வெரோனாவில் விட்டோரியோ கொலெட்டி, நரம்பு இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கும் வைத்தார். சென்னையிலும் செய்கிறார்கள். மண்டையைத் திறந்து செய்யும் நரம்பியல் ஆபரேஷன் இது. பலனும் காக்ளியர் இம்ப்ளான்ட் அளவுக்கு வராது. பலருக்கு ஒலி இருப்பது தெரியும், உதடு பார்ப்பதற்கு உதவும், சிலருக்குத்தான் அதற்கு மேல். கவனித்தீர்களா, தொடு பட்டையின் பலனை வர்ணித்ததும் ஏறக்குறைய இதே சொற்களில்தான். நரம்பில்லாத குழந்தையின் பெற்றோர் இந்த ஆபரேஷனுக்கு முன் தொடு கருவியையும் சைகை மொழியையும் தீவிரமாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

## ஒரே பார்வையில்

| | காது மெஷின் | தொடு கருவி | காக்ளியர் இம்ப்ளான்ட் | மூளைத்தண்டு இம்ப்ளான்ட் |
|---|---|---|---|---|
| எது நன்றாக இருக்க வேண்டும் | மிச்ச மயிர்ச்செல்கள் | தோல் | கேட்பு நரம்பு | மூளைத்தண்டு |
| உதடு பார்க்காமல் பேச்சு | இழப்பின் அளவைப் பொறுத்து | மிக அரிது | பெரும்பாலோருக்கு உண்டு | சிலருக்கு மட்டும் |
| ஆபரேஷன் | இல்லை | இல்லை | காதுக்குப் பின்னால் | மண்டையோட்டைத் திறந்து |
| பயிற்சி | மிதம் | மிக அதிகம் | அதிகம், வருடக்கணக்கில் | மிக அதிகம் |
| திரும்ப முடியுமா | முடியும் | முடியும் | ஏறக்குறைய முடியாது | முடியாது |
| அரசு உதவி | உண்டு | பேச்சுக்கான கருவிக்கு எதிர்பார்க்க வேண்டாம் | சிறு குழந்தைகளுக்கு உண்டு | மருத்துவமனையில் கேட்டே அறிய வேண்டும் |

## கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

இந்தியாவில் இம்ப்ளான்ட் சில லட்சங்களில் தொடங்கி, மாடலைப் பொறுத்துப் பத்து லட்சத்தைத் தாண்டிப் போகும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது இலவசம். குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்திலும் சிறு குழந்தைகளுக்கு உண்டு. மும்பையின் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் அதை நடத்துகிறது. பொதுவாக ஒரு காதுக்குத்தான் கிடைக்கும். ஆவண வேலையைச் சீக்கிரம் தொடங்குங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும், அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையமும்தான் தொடங்கும் இடங்கள்.

குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஆபரேஷன் செலவில் அல்ல, அதற்குப் பிறகு. உள்ளே இருக்கும் பகுதிக்கு வழக்கமாகப் பத்து வருட உத்தரவாதம் இருக்கும். வெளியே மாட்டும் பிராசஸருக்குச் சில வருடம்தான். அது முடிந்த பின் கேபிள் அறுந்தால், தலையில் ஒட்டிக்கொள்ளும் காயில் (கம்பிச்சுருள்) போனால், எல்லாம் கைக்காசு. பிராசஸரே போனால் லட்சக் கணக்கு. பழைய மாடலுக்கு உதிரிபாகம் செய்வதை நிறுவனம் ஒருநாள் நிறுத்திவிடும். அப்போது நன்றாக ஓடுகிற கருவியையும் மாற்றியாக வேண்டும். நம் கடலோர ஊர்களின் ஈரமும் வியர்வையும் பிராசஸருக்கு எதிரி. இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைப்பது சாப்பிடுவதுபோல் அன்றாட வேலையாகிவிடும். கருவி பழுதாகி மூன்று மாதம் சும்மா கிடந்தால், குழந்தை மூன்று மாதம் கேட்காமல் இருக்கிறது. பணம் சேர்ந்ததும் சரிசெய்து கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

நேரமும் செலவுதான். கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்குத் தெரபிக்கு வாராவாரம் போக யாராவது ஒருவர் வேலையை விட வேண்டியிருக்கும். நம் வீடுகளில் அது யார் என்று சொல்லத் தேவையில்லை. பஸ் கட்டணம், ஒருநாள் கூலி இழப்பு இவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். எம்ஆர்ஐ இன்னொன்று. உள்ளே காந்தம் இருப்பதால் பழைய மாடல்களில் அதை எடுத்துவிட்டுத்தான் ஸ்கேன் செய்ய முடியும். புதிய மாடல்களில் காந்தம் தானே திரும்பிக்கொள்வதால் சிக்கல் குறைவு. வயதானவர்களுக்கு இது பெரிய விஷயம், கேட்டு வாங்குங்கள்.

தொடு பட்டையின் மறைவுச் செலவு வேறு விதம். இறக்குமதி, இங்கே சர்வீஸ் இல்லை, மென்பொருள் ஆங்கிலப் பேச்சை வைத்துப் பழக்கப்பட்டது. சிறிய நிறுவனம் கடையை மூடினால் கருவி வெறும் பட்டைதான். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, சின்னக் குழந்தைக்கு அதை நம்பி ஒரு வருடம் காத்திருந்தால் போகும் அந்த ஒரு வருடம்.

மரபணு சிகிச்சைக்காகக் காத்திருக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஷாங்காயில் ஆறு குழந்தைகளில் ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கியதாக 2024-ல் வந்த செய்தி உண்மை. ஆனால் அது ஓடோஃப் என்ற ஒரே ஒரு மரபணுவின் பழுதுக்கு. பிறவிச் செவித்திறன் இழப்பில் அது சிறு பங்கு. மரபணுச் சோதனை செய்து பாருங்கள், சும்மா காத்திருக்காதீர்கள்.

## யாருக்கு எது?

மூன்று வயதுக்குள், இரு காதிலும் மிகக் கடுமையான இழப்பு, நரம்பு உண்டு. இம்ப்ளான்ட். பரம்பரை இழப்பில் அதிகம் காணப்படும் கனெக்ஸின் 26 வகையில் பழுது காக்ளியாவுக்குள்ளேயே நின்றுவிடுவதால் பலன் நன்றாகவே இருக்கிறது. பிறந்தவுடன் கடும் மஞ்சள் காமாலை வந்த குழந்தைகளில் ஒரு வகை உண்டு: ஓஏஇ டெஸ்ட் (காக்ளியா வேலை செய்கிறதா என்று பார்ப்பது) சரியாக வரும், பெரா வராது. அவர்களுக்கு முடிவெடுக்கக் கொஞ்சம் கூடுதல் சோதனை தேவைப்படும், இம்ப்ளான்ட் பலன் தரும் வாய்ப்பும் உண்டு.

பத்து வயதைத் தாண்டியவர், பிறவியிலேயே கேட்காதவர், சைகை மொழியில் வாழ்பவர். இங்கே நான் இம்ப்ளான்ட்டுக்குத் தள்ள மாட்டேன். ஒலி கிடைக்கும், அது பேச்சாகப் பிரிவது கடினம். கருவியைக் கழற்றி வைத்துவிட்டவர்கள் இந்தக் குழுவில்தான் அதிகம். சைகை மொழி இவர்களுக்குக் குறை தீர்க்கும் ஏற்பாடு அல்ல, தாய்மொழி. அமெரிக்கக் காது கேளாதோர் சங்கம் 1991-ல் குழந்தைகளுக்கு இம்ப்ளான்ட் வைப்பதைக் கண்டித்தது; 2000-ல் அந்த நிலைப்பாட்டைத் தளர்த்திக்கொண்டது. அந்தச் சண்டையில் இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஒலி விழிப்புக்காக ஒரு தொடு பட்டை இவருக்குப் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம்.

மொழி தெரிந்து, பெரியவரான பின் இழந்தவர். மெஷின் போதவில்லை, உடல் தாங்கும் என்றால் இம்ப்ளான்ட் மிக நன்றாகப் பலன் தரும். எழுபது வயது ஒரு தடையே அல்ல. ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் சொன்னால், பட்டைக்கு முன் ஒன்றைச் செய்யுங்கள்: தமிழ் படிக்கத் தெரிந்தவரானால் போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைப் போட்டுக் கொடுங்கள். பேசுவது தமிழில் எழுத்தாக வரும், செலவில்லை. தப்பும் தவறுமாக வந்தாலும், எந்தப் பட்டையையும்விட அதிகமாகப் புரியும்.

கண்ணும் போய்க்கொண்டிருப்பவர். அஷர் நோய்த்தொகுதியின் முதல் வகையில் குழந்தை கேட்காமல் பிறக்கும். பத்து வயதை ஒட்டிப் பார்வையும் குறையத் தொடங்கும். உதடும் சைகையும் ஒருநாள் தெரியாமல் போகும் என்பதால் சீக்கிரமே இம்ப்ளான்ட் வைப்பது நல்லது, முடிந்தால் இரண்டு காதிலும். தொடுதல் வழிப் பேச்சையும் பார்வை இருக்கும்போதே பழக்க வேண்டும். தொடு உணர்வு தன் முழு மதிப்பைக் காட்டும் இடம் இதுதான்.

ஒரு காதில் மட்டும் இம்ப்ளான்ட் வைத்திருப்பவர். ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒற்றைக் காதுக்குத் தெரியாது. சாலையைக் கடக்கும்போது இது சாதாரண விஷயமில்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மார்க் ஃபிளெட்சரின் குழு, இரண்டு காதருகே பிடித்த ஒலியை இரண்டு மணிக்கட்டுகளில் அதிர்வாகத் தந்து பார்த்தது. இம்ப்ளான்ட் வைத்தவர்கள் ஒலியின் திசையைக் கண்டுபிடிப்பது கணிசமாக மேம்பட்டது. இரைச்சலில் பேச்சைப் புரிந்துகொள்வதிலும் அதிர்வு கைகொடுத்தது. அரசுத் திட்டத்தில் ஒரு காதுக்கு மட்டும் கருவி பெற்ற நம் குழந்தைகளுக்கு இது பொருத்தமான துணை. இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. கடைக்கு வந்தால் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான்.

இம்ப்ளான்ட் என்று முடிவாகிவிட்டால், கையெழுத்துப் போடும் முன் மருத்துவமனையில் கேட்க வேண்டியவை சில. எங்கள் ஊருக்கு மிக அருகில் மேப்பிங் எங்கே நடக்கிறது? தமிழில் தெரபி கொடுப்பவர் யார், திட்டத்தின் செலவில் எவ்வளவு காலம்? இந்த மாடல் எப்போது சந்தைக்கு வந்தது, முந்தைய மாடலுக்கு இன்னும் உதிரிபாகம் கிடைக்கிறதா? பிராசஸர் பழுதானால் சரியாகி வரும்வரை மாற்றுக் கருவி தருவீர்களா? கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.